கச்சேரிக் குரலோடு மியூசிக்கல் ஆடிஷனுக்கு: பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் பழகுவதும்

பெங்களூரில் ஆங்கில மியூசிக்கல் ஒன்றை, அதாவது பாட்டோடு கதை சொல்லும் நாடகத்தை, மேடையேற்றவிருக்கும் நாடகக் குழு, பாடி நடிப்பவர்களுக்கான ஆடிஷனை அறிவித்திருக்கிறது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டுகள் வேண்டும், ஒவ்வொன்றும் 32 பாருக்கு மிகக் கூடாது, பியானோ வாசிப்பவருக்கான நோட்டேஷன் தாளைக் கையோடு கொண்டுவர வேண்டும், பதிவு செய்த பின்னணி இசைக்கு இடமில்லை என்பவை நிபந்தனைகள். சேலத்தில் கர்நாடக சங்கீதம் கற்று, இங்கேயே சொல்லிக்கொடுத்தும் கச்சேரி செய்தும் வரும் நான் இதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். என்னிடம் பாட்டு கற்கும் கல்லூரிப் பெண்கள் சிலர், தாங்களும் இப்படியொரு தேர்வுக்குப் போக விரும்பினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், இதுவரை பழகியதையும் யோசித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். தேர்வு இன்னும் நடக்கவில்லையாதலால் நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலப் பாட்டுகளின் பெயர்களைச் சொல்லவில்லை. அவை எந்த வகையைச் சேர்ந்தவை, ஏன் அவற்றை எடுத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

32 பார் என்றால் எவ்வளவு என்பதை நம் கணக்கில் முதலில் பார்த்துவிடலாம். பார் என்பது மேற்கத்திய நோட்டேஷனில் தாளத்தைப் பிரித்துக் காட்டும் ஒரு கட்டம். நான்கு தட்டுக் கொண்ட பார் என்றால், இரண்டு பார் சேர்ந்து எட்டுத் தட்டுக் கொண்ட ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, ஆகிறது. ஆகவே 32 பார் என்பது பதினாறு ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடையில் பாடினால் ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல். பல தேர்வுகளில் இதிலும் பாதியாக, 16 பார் மட்டுமே கேட்கிறார்கள். ஆலாபனையில் ராகத்தின் முகம் தெளிவதற்கே நாம் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள், அங்கே ஒரு பெண் மேடைக்கு வந்து, தனக்கு வேண்டியதைக் கேட்டு, அது கிடைக்குமா கிடைக்காதா என்பதை உணர்ந்து, வந்தபோது இருந்தவளாக இல்லாமல் வேறொருத்தியாக நிற்க வேண்டும்.

கர்நாடகப் பாடகி ஒருத்தி இத்தகைய தேர்வுக்குப் பாட்டைத் தேடும்போது இயல்பாகவே மெட்டின் பின்னால் போவாள். எதில் கல்யாணி ராகத்தின் சாயல் தெரிகிறது, எது ஒரு சுரத்தில் நீட்டி நிற்கும் கார்வைகளுக்கு இடம் கொடுக்கிறது, எதில் குரலின் அழகு நன்றாக வெளிப்படும் என்று பார்ப்பாள். என் தீர்மானம் வேறு. யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், அந்த ஒரு நிமிடத்துக்குள் பேசுகிறவரிடம் என்ன மாறுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தருகிற பாட்டையே முதலில் எடுத்துவைக்க வேண்டும். மெட்டையும் ஸ்தாயியையும் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். இதற்குக் காரணம் அந்தப் பாட்டுகளின் அமைப்பிலேயே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வே மேடைக்காக எழுதப்பட்ட பாட்டுகளில் பல 32 பார் கொண்டவை. எட்டு எட்டாக நான்கு பகுதிகள். முதற்பகுதியின் மெட்டு இரண்டாவதிலும் வரும், மூன்றாம் பகுதி வேறு மெட்டுக்குப் போகும், நான்காவதில் முதல் மெட்டே திரும்பி வரும். பிரிட்ஜ் என்று அவர்கள் சொல்லும் மூன்றாம் பகுதி நம் அனுபல்லவியின் இடத்தில் இருக்கிறது என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன். அங்கேதான் பெரும்பாலும் மெட்டு மேலேறும், நான்காம் பகுதி பல்லவிக்குத் திரும்புவது போல் வந்து சேரும். 16 பார் கேட்டால் பிரிட்ஜையும் கடைசிப் பகுதியையும் எடுத்துப் பாடுவது வழக்கமானதற்கும் இதுவே காரணம். ஆனால் இந்த ஒப்புமைக்குள் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நம் கீர்த்தனையில் பல்லவியின் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக வளர்க்கிறோம். சொல் அப்படியே நிற்க, சுரம் விரிகிறது. அங்கே சுரம் அப்படியே நிற்க, சொல் மாறுகிறது. முதல் எட்டுப் பாரில் தான் யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்ன பெண், அதே மெட்டு கடைசியாக வரும்போது காத்திருப்பதை ஒப்புக்கொள்கிறாள். அந்த மெட்டு முதலில் கேட்டது போலவே ஒலிக்கக் கூடாது. ஆனால் அதில் ஒரு சுரத்தைக்கூட நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வேறுபாடு முழுவதையும் பொருளிலிருந்தும் அதைச் சொல்லும் மனநிலையிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கிறது. சங்கதியால் வளர்த்தே பழகிய தொண்டைக்கு இதைவிடக் கடினமான பயிற்சி இல்லை என்று நினைக்கிறேன், இதைவிடப் பயனுள்ளதும் இல்லை.

இனி குரல். இந்த விஷயத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஆப்பராப் பயிற்சி பெற்ற, உச்சக் குரலில் பாடும் பெண்களான சொப்ரானோக்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அவர்களுக்குத் தலையில் ஒலிக்கும் மேல்குரல் வலுவானது. பேசுவது போன்ற நெஞ்சுக் குரலில் கீழிறங்கி வந்து பாடுவதுதான் சிரமம். ஆகவே அந்த அறிவுரை முழுவதும், குரலைப் பேச்சின் அருகில் கொண்டுவா என்பதாகவே இருக்கும். நமக்கு நிலைமை நேர்மாறானது. நான் பாடுவது ஐந்தரைக் கட்டை, அதாவது பியானோவில் ஜி ஷார்ப். கீழ் ஸ்தாயியின் மந்த்ர பஞ்சமத்திலிருந்து மேல் ஸ்தாயியின் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயியை, பேசும் குரலின் நீட்சியாகவே, உடையாமல் பாடப் பழக்கப்பட்டிருக்கிறேன். மியூசிக்கல்காரர்கள் பெல்ட் என்று சொல்லும், உரத்து அழைப்பது போன்ற பெண் குரல் பெரிதும் பயன்படும் இடம் மத்திய சி-க்கு மேலுள்ள ஏ முதல் அதற்கடுத்த டி வரை. என் சுருதியில் கணக்கிட்டால் அது தார ஸ்தாயி ரிஷபத்திலிருந்து மத்யமம் வரை. அனுபல்லவியில் தினமும் நின்று கார்வை கொடுக்கும் இடம் அது. ஐந்து கட்டைக்கும் ஆறு கட்டைக்கும் இடையில் பாடும் நம் பெண்கள் எல்லாருக்குமே இது ஏறத்தாழப் பொருந்தும். ஆகவே நம்மிடம் இல்லாத ஒன்றைக் கற்கப் போகிறோம் என்ற அச்சத்துடன் பெல்ட் பாட்டை அணுக வேண்டியதில்லை.

நம்மிடம் குறைவாக இருப்பது மேலே உள்ள குரல். தார பஞ்சமத்துக்கு மேல் நாம் போவதே அபூர்வம். போனாலும் அந்த மென்குரலைக் கள்ளத்தொண்டை என்று சொல்லி விலக்கி வைக்கும் மரபில் வந்திருக்கிறோம். ஆனால் 1943-இல் ஓக்லஹோமா என்ற மியூசிக்கல் மேடையேறிய காலத்தையொட்டிய பொற்கால மியூசிக்கல்களில், லெஜிட் என்று வழங்கும் சாஸ்திரியச் சாயலுள்ள பெண் வேடங்கள் அந்த மேல்குரலையே நம்பி எழுதப்பட்டவை. அவற்றில் அதிதார ஷட்ஜத்தை எட்டும் இடங்களும் உண்டு. சாஸ்திரியப் பாடகி என்றவுடன் லெஜிட் பாட்டே பொருந்தும் என்று எல்லாரும் சொல்வார்கள். மேற்கத்திய சாஸ்திரியத்துக்கு அது சரி, நமக்கு அப்படியே சரியாகாது. நான் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறேன், ஆனால் தார பஞ்சமத்துக்கு மேல் ஏறாத, நிதானமான, ஒரு பெண் தன் மனத்தைத் தானே கண்டுகொள்ளும் பாட்டு. இரண்டாவது, அண்மைக் காலத்தது; விரைந்த நடையில், ஒருவரிடம் நேருக்கு நேர் வாதிடும் பாட்டு. மென்மையும் வேகமும், உள்ளே பேசுவதும் எதிரில் பேசுவதும் என்று இரண்டும் வேறுபட்டு நிற்கின்றன. நிபந்தனையில் மாறுபட்ட பாட்டுகள் என்று கேட்பது நடையின் வேறுபாட்டை மட்டுமன்று, ஆளின் வேறுபாட்டையும் என்பது என் புரிதல்.

பெல்ட் பாடும்போது நெஞ்சுக் குரலை அப்படியே மேலே தள்ளினால் தொண்டை கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் எதிர்ப்பக்கம் நிற்பவரைக் கூப்பிடும்போது நாம் தொண்டையை இறுக்குவதில்லை. வாயைத் திறந்து, ஒலியை முகத்தின் முன்பக்கம் கொண்டுவந்து, பேச்சின் கூர்மையோடு அனுப்புகிறோம். அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 1930-இல் பிராட்வேயில் அறிமுகமான பாடகியும் நடிகையுமான எதெல் மெர்மன் ஒலிபெருக்கியின் துணையின்றி அரங்கு முழுவதும் கேட்கும்படி பாடியதற்காக இன்றும் பேசப்படுகிறார். நம் ஓமலூர், எடப்பாடிப் பக்கத்து ஊர்களில் கூத்தாடுகிறவர்கள், மைக் வராத காலத்தில், உயர்ந்த சுருதியில் விடிய விடியப் பாடி ஆடியதும் இதே கூர்மையால்தான். கச்சேரிக்காரர்கள் கூத்தைக் கேட்டுக் கற்றுக்கொள்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. நாம் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

குரல் இப்படியென்றால், சுருதி இன்னொரு பெரிய விஷயம். பியானோவோடு பழகுவதற்காக நான் ஏற்காடு போய்வருகிறேன். தேவாலயப் பாடகர் குழுவுக்கு நெடுங்காலம் வாசித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே இருக்கிறார். நான் அவரை டீச்சர் என்றும் அவர் என்னைக் கண்ணு என்றும் அழைப்பது வழக்கம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த வீட்டின் பியானோ மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே சுருதி ஏறிவிடும், கோடையில் இறங்கும். அதைச் சரிபார்த்துக்கொண்டுதான் எதையும் தொடங்குவோம்.

தம்புராவோடு வளர்ந்த காதுக்குப் பியானோவில் முதலில் உறுத்துவது அந்தர காந்தாரம். தம்புராவின் மந்த்ர ஷட்ஜத் தந்தியிலிருந்து தானே எழுந்து ஒலிக்கும் காந்தாரத்தைக் கேட்டுத்தான் நாம் அந்தச் சுரத்தைப் பிடிக்கிறோம். பியானோவிலோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பாகங்களில் ஒன்றை நூறு பங்காக்கினால், தம்புராவின் காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 பங்கு கீழே நிற்கும். நம் காதுக்குச் சுத்தமான காந்தாரம், பியானோவுக்குப் பக்கத்தில் இறங்கி ஒலிப்பதாகத் தேர்வாளருக்குத் தோன்றலாம். இதற்கு மருந்து, தம்புராவை நிறுத்திவிட்டுப் பியானோவின் இசையோடு மட்டும் மெதுவாகச் சரளி வரிசையை மாயாமாளவகௌளையிலும் சங்கராபரணத்திலும் பாடிப் பார்ப்பது. இரண்டு காந்தாரங்களையும் காது தனித்தனியே அறிந்துகொண்டால், வேண்டிய இடத்தில் வேண்டியதை எடுக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை.

அதைவிடக் கடினம், ஷட்ஜம் நகர்வது. ஒரு கச்சேரி முழுவதும் நம் ஆதார ஷட்ஜம் அசையாது. ராகங்கள் மாறும், தரை மாறாது. மேடைப் பாட்டுகளிலோ கடைசிப் பகுதி வரும்போது பாட்டு முழுவதையும் அரைச் சுரமோ ஒரு முழுச் சுரமோ மேலே தூக்கிவைப்பது பழக்கமான உத்தி. வேறொரு சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு இன்னொரு ராகத்தைக் காட்டும் கிரக பேதம் செய்து காட்டியவர்களுக்குக்கூட இது புதிது, ஏனெனில் கிரக பேதத்தில் பழைய ஷட்ஜம் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். இங்கே அது விடைபெற்றுப் போய்விடுகிறது. என் இரண்டாவது பாட்டில் அப்படியொரு ஏற்றம் இருக்கிறது. முதலில் அதைச் சுரப் பெயர் சொல்லாமல், புதிய இடத்தின் ஷட்ஜத்தை மட்டும் பியானோவில் கேட்டுப் பாடிப் பழகினேன். டீச்சர் சொன்னது ஒன்று உதவியது: "கண்ணு, பியானோ எங்க போகுதுன்னு பாக்காதே. இந்தப் பொண்ணு ஏன் இந்த எடத்துல குரலை ஒசத்துறான்னு பாரு." சுருதி ஏறுவதற்கு வாதத்தில் ஒரு காரணம் இருந்தது. அதைக் கண்டபின் ஏற்றம் தானாக வந்தது.

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதை, பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தப் பாட்டுகளில் சுரம் நேராக நிற்க வேண்டும். நீண்ட சுரத்தின் முடிவில் மட்டும் இலேசான அதிர்வு வரலாம். கம்பிதம் என்னும் நம் கமகம் அந்த அதிர்வுக்கு ஈடாகாது, ஏனெனில் அது ஒரு சுரத்தை அடுத்ததோடு இணைக்கும் அசைவு. சுரங்களை அசைவின்றிப் பாடும் பயிற்சி நம்மிடம் இல்லாமல் இல்லை, வரிசைகளை அப்படித்தானே சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறோம்.

உச்சரிப்பில் கூடுதலாகக் கவனம் வேண்டும். நாம் உயிரெழுத்தில் வாழ்கிறவர்கள். அகாரத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்போம். ஆங்கிலப் பாட்டில் பொருள் பெரும்பாலும் சொல்லின் கடைசி மெய்யில் இருக்கிறது. அந்த மெய்யை விழுங்கினால் சொல் கேட்காது. அதை அழுத்திச் சொல்லப் போனால் தமிழ் நாக்கு அதன் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிவிடும். ஆங்கிலத்து டி ஓசைக்கு நாக்கு நம் டகரத்துக்குப் போல மேலண்ணத்தை நோக்கி வளைவதில்லை; மேற்பல் ஈற்றின் பின்புறத்தைத் தட்டி விலகுகிறது. ஐ, ஔ போன்ற கூட்டோசைகளை நீட்டும்போது முதல் உயிரில் நின்று, இரண்டாவதைக் கடைசிக் கணத்தில்தான் தொட வேண்டும். இவற்றைப் பாட்டாகப் பழகுவதற்கு முன், மெட்டில்லாமல், ஒருவரிடம் பேசுவது போல வரிகளைச் சொல்லிப் பழகுவது நல்லது. பேச்சில் எங்கே மூச்சு எடுக்கிறோமோ அங்கேதான் பாட்டிலும் எடுக்க வேண்டும் என்பதும் அப்போது தெரியும்.

தாள்களைப் பற்றி. பியானோ வாசிப்பவர் தேர்வு நாளன்றுதான் நம்மை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார், அன்று முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வாசித்துக்கொண்டிருப்பார். நம் குரலுக்கு ஏற்ற சுருதியிலேயே நோட்டேஷன் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கட்டையை மாற்றி வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. கச்சேரியில் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் பாடும் நமக்கு, ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியே சுருதி பார்த்துத் தேர்ந்தெடுப்பதே புதிய வேலை. தொடங்கும் இடமும் முடியும் இடமும் பெரிதாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இடையில் விடும் பகுதி அடித்துவிடப்பட்டிருக்க வேண்டும். நகல் எடுக்கும்போது இடது கைக்கான கடைசி வரி தாளின் அடியில் வெட்டுப்படாமல் பார்க்க வேண்டும். நடையைச் சொல்ல விரலைச் சொடுக்கக் கூடாது. இரண்டு பாரைத் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினால் போதும்.

முன்பின் அறியாத பக்கவாத்தியத்தோடு உடனே மேடையேறுவது தமிழ் நாடகத்துக்குப் புதிதன்று. ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கும் மரபில், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகி வரும் நடிகர்கள் ஒத்திகையில்லாமல் அன்றிரவு மேடையிலேயே சந்தித்து நடிப்பார்கள்; ஆர்மோனியக்காரர் முதல் வரியைக் கேட்டுச் சுருதியையும் போக்கையும் பிடித்துக்கொள்வார். அவர்கள் எடுத்து நடிக்கும் நாடகங்களில் பல சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியவை. 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அவர், பாட்டாலேயே கதையை நகர்த்தும் நாடகங்களைக் கர்நாடக ராகங்களிலும் அக்காலத்தில் புழங்கிய வடநாட்டு மெட்டுகளிலும் அமைத்தார். ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவைக் கடக்கிறேன்; டி. ஆர். சுந்தரம் 1930-களில் இங்கே படமெடுக்கத் தொடங்கியபோது தமிழ்த் திரையின் பாடும் நடிகர்கள் பலர் அந்த நாடக மேடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். பாடுவதும் நடிப்பதும் வேறு வேறு ஆட்களின் தொழில் என்ற எண்ணம் நமக்குப் பின்னால் வந்தது என்பதை மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

உடலையும் பழக்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து, வலக்கையால் தாளம் போட்டு, கண்ணை மூடி அல்லது வயலின்காரரைப் பார்த்துப் பாடும் பழக்கம் நமக்கு. அங்கே நிற்க வேண்டும், கை சும்மா இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். தாளத்தைக் கையிலிருந்து எடுத்துவிட்டால் முதலில் பாட்டே ஆட்டம் காணும். நடந்துகொண்டே பாடிப் பழகினால் தாளம் கால்வழியாக உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. பார்வையைத் தேர்வாளர்களின் முகத்தில் பதிக்கக் கூடாது, ஏனெனில் நாம் அவர்களையே நாடகத்தில் இன்னொரு பாத்திரமாக்கி, பதில் சொல்ல முடியாத இடத்தில் உட்காரவைத்துவிடுகிறோம். அவர்களின் தலைக்குச் சற்று மேலே, எதிர்ச்சுவரில் ஓரிடத்தில், நாம் பேசும் ஆளை நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆள் கேட்கிறாரா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த வரி பிறக்க வேண்டும்.

கூத்தில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பாத்திரம் வெளியே வருவதற்கு முன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறது. ஆள் தெரிவதற்குள் அவர் யார், எந்த மனநிலையில் வருகிறார் என்பது குரலில் தெரிந்துவிடுகிறது. பியானோவின் முன்னிசை நமக்கு அந்தத் திரை. அந்த இரண்டு பாருக்குள், வாய் திறக்குமுன், நான் அந்தப் பெண்ணாகிவிட்டிருக்க வேண்டும். முன்னிசை ஓடும்போது சுருதியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பாடகியின் முகத்தைத் தேர்வாளர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

நடிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்கும் கர்நாடகப் பாடகிகளுக்கு, ஆங்கிலப் பாட்டுக்குப் போவதற்கு முன் தாம் பல காலமாகப் பாடும் ஒன்றை எடுத்துப் பழகச் சொல்வேன். அபிநயத்துக்கு ஏற்ற பாட்டுகளான பதங்களில் அதற்கு இடமுண்டு. எனக்கு வழிகாட்டியது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வரும் மாஞ்சி ராகப் பாட்டு. சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட நந்தன், உன் அருகில் வந்து நின்று பாடலாமா என்று இறைவனைக் கேட்கும் பாட்டு அது. கச்சேரியில் அதை மாஞ்சியின் நயத்துக்காகப் பாடுகிறோம்; பைரவியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் பிடிகளில் கவனம் போகிறது. ஒரு மாலை, தம்புரா இல்லாமல், நின்றுகொண்டு, எதிர்ச்சுவரில் கோயில் வாசலை வைத்துக்கொண்டு பாடினேன். கேள்வியைக் கேட்கிறவனுக்கு அதன் விடை தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடை தெரியாதவன் முதல் சங்கதியைப் பாடும் விதமும், இன்னும் விடை வரவில்லை என்று கண்டு மூன்றாம் சங்கதியைப் பாடும் விதமும் ஒன்றாக இருக்க முடியாது. சங்கதிகள் அலங்காரம் என்ற நிலையிலிருந்து, திரும்பத் திரும்பக் கேட்பது என்ற நிலைக்கு வந்தன. அதற்குப் பிறகு ஆங்கிலப் பாட்டில் மாறாத மெட்டு திரும்பி வரும் இடங்கள் எனக்குக் கடினமாக இல்லை.

தேர்வுக் குழு சில சமயம் வேறு ஏதாவது பாடுவீர்களா என்று கேட்பதுண்டு. அதற்காகக் கோப்பில் மூன்றாவதாக எதை வைப்பது என்று டீச்சரும் நானும் நிறையப் பேசினோம். இன்னொரு ஆங்கிலப் பாட்டு இருந்தால் பாதுகாப்பு என்பது அவர் கருத்து. நந்தனின் பாட்டை வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு அவர் பியானோவில் இசைக்கோவை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதிகள், அமைத்துப் பார்த்தார். மாஞ்சியின் காந்தாரமும் நிஷாதமும் அசையும் இடங்களில் எந்த இசைக்கோவையும் பொருந்தாமல், பியானோ ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக நின்றன. கடைசியில் இடது கையில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், தம்புராவைப் போல, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் தொடக்கத்திலும் மெதுவாக வாசித்தால் போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். பல்லவியும் அனுபல்லவியும் மட்டும், சங்கதிகளில் நான்கைக் குறைத்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்படி அவர் ஒற்றைத் தாளில் எழுதிக்கொடுத்திருக்கிறார். பியானோ வாசிப்பவருக்கு அதில் இரண்டே சுரம்தான் இருக்கின்றன; அவற்றை வேகம் கூட்டாமல் பிடித்திருந்தால் போதும் என்று தாளின் மேலே ஆங்கிலத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறோம்.